நாற்பதைக் கடந்த தோள்களும் ஊசி தரும் வலிமையும்

வயது நாற்பதைக் கடந்த ஆடவன் தன் உடம்பை முன்னிலும் கூர்ந்து நோக்கத் தொடங்குகிறான். சட்டைப் பொத்தான் வயிற்றருகே இறுகுகிறது. முன்பு இரண்டிரண்டாகத் தாவி ஏறிய படிகளை ஒவ்வொன்றாக ஏறவேண்டியிருக்கிறது. மாலையில் வீடு திரும்பியதும் சாய்மனைக் கதிரையை நாடும் விருப்பம் மிகுகின்றது. இவ்வாறு தன் உடம்பு தன் வசத்தினின்றும் நழுவுவதை உணர்ந்த ஒருவன் உடற்பயிற்சி நிலையத்தை நாடிச் சென்று பாரந்தூக்கப் பழகுவானாயின், அவனை நாம் பாராட்டவே வேண்டும். அவ்வயதில் செய்யத்தக்க நற்காரியங்களுள் அஃதொன்று.

ஆயினும், அங்கே சில மாதங்கள் பழகியபின் அவன் செவியில் வேறொரு செய்தி விழுகின்றது. அருகே நின்று பாரந்தூக்கும் தோழர் ஒருவர் தம் திரண்ட தோள்களைக் காட்டி, "எல்லாம் பயிற்சியினால் வந்ததன்று, எம் வயதில் ஓமோன் குறைந்துவிடும், அதனை ஊசியால் ஈடுசெய்துகொண்டேன்" என மெல்லக் கூறுகிறார். இலண்டனிலும் டொரொன்டோவிலும் வாழும் எம்மவர்க்கு இவ்வுரையாடல் புதிதன்று. கொழும்பிலும் இதனைக் கேட்கலாம். ஊசி போட்டுக்கொள்வது முறையா என்ற வினா ஒரு குடும்பத்துள் எழுமாயின், அதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஒருவனுக்கு மருந்தாவது மற்றொருவனுக்கு நஞ்சாகின்றது, மருந்தோ ஒன்றேதான். இவ்விருவரையும் பிரிக்கும் எல்லை எங்கேயுள்ளது என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

பாரிஸ் முதியவரின் சோதனை

ஆண்மைக்குரிய ஓமோனைப் புறத்திலிருந்து உடம்பினுட் செலுத்தி வலிமை பெறலாம் என்ற எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1889ஆம் ஆண்டு ஜூன் 1ஆந் திகதி பாரிஸ் நகரத்து உயிரியற் கழகத்தில் பிரௌன் செக்கார் என்னும் பேரறிஞர் எழுந்து நின்றார். முள்ளந்தண்டு வடத்தின் இயல்பை ஆராய்ந்து உலகப் புகழ் ஈட்டியவர் அவர். அப்பொழுது அவருக்கு வயது 72. நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து பிழிந்தெடுத்த சாற்றைத் தம் உடம்பில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டதாகவும், அதன் பயனாக இளமைக்கால வலிமை தமக்கு மீண்டதாகவும் அவர் அறிவித்தார். வெறும் வாய்ப்பேச்சோடு அவர் நிற்கவில்லை. தம் முன்கையாற் தூக்கக்கூடிய நிறையைக் கருவி கொண்டு அளந்து, அது சில கிலோகிராம் மிகுந்ததென எண்ணாற் காட்டினார். முதிய வயதிற் பாரந்தூக்கி, ஊசியின் பயனை அளந்தறிய முற்பட்டவர்களுள் முதல்வர் என அவரை நாம் கூறினால் மிகையாகாது.

அவர் ஏற்றிக்கொண்ட சாற்றில் அவ்வோமோன் இருந்ததா? இல்லையென்றே கூறலாம். அப்பொருள் நீரில் எளிதிற் கரையாதது. விதைகளும் அதனைப் பெருமளவிற் சேமித்து வைப்பதில்லை. அவர் செய்த முறைப்படியே சாறெடுத்து அவுஸ்திரேலிய ஆய்வாளர் இக்காலத்தில் அளந்து பார்த்தபோது, பயன் தரத்தக்க அளவு அதிற் காணப்படவில்லை. கிழவரின் கையை வலுப்படுத்தியது அவரது நம்பிக்கையே. இச்செய்தியை மாணவர்கள் நினைவில் இருத்துதல் நன்று. அளவுகோல் கையிலிருந்த அறிஞரையே நம்பிக்கை இவ்வளவு தூரம் அழைத்துச் செல்லுமாயின், கண்ணாடி முன் நின்று தோளை நோக்கும் எளிய மனிதனைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

உண்மைப் பொருளைப் பிரித்தெடுக்க மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1931இல் பூற்றெனாந்து என்னும் ஜேர்மன் வேதியியலறிஞர், காவற்படையினரிடம் சேர்த்த 15,000 லீற்றர் சிறுநீரைக் காய்ச்சி வடித்து, வெறும் 15 மில்லிகிராம் அன்ட்ரோஸ்ரரோன் என்னும் பொருளைப் பெற்றார். 1935இல் அம்ஸ்ரடாம் நகரத்தில் லாக்கர் என்பாரின் குழுவினர் காளைகளின் விதைகளிலிருந்து மூல ஓமோனையே தூய வடிவிற் பிரித்து, அதற்கு டெஸ்டோஸ்டரோன் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டிற் பூற்றெனாந்தும், சுவிற்சர்லாந்திற் பணியாற்றிய ருசீக்கா என்பாரும் கொலஸ்திரோலை மூலப்பொருளாகக் கொண்டு அதனைச் செயற்கையாகவே ஆக்கிவிட்டனர். 1939ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. ஹிட்லரின் அரசு தடுத்தமையாற் பூற்றெனாந்து அப்பரிசை அப்பொழுது ஏற்க இயலாது போயிற்று.

குளத்துக் காவலன்

டெஸ்டோஸ்டரோன் உடம்பினுள் எவ்வாறு ஆளப்படுகின்றது என்பதை அறியாமல் மேற்செல்வதிற் பயனில்லை. வன்னிப் பெருநிலத்துக் குளமொன்றை மனத்தில் எண்ணுக. குளத்து நீர்மட்டத்தை ஒரு காவலன் ஓயாது நோக்கியிருக்கின்றான். மட்டம் தாழ்ந்தால் ஆற்றிலிருந்து வரும் வாய்க்காலைத் திறக்கின்றான்; உயர்ந்தால் அடைக்கின்றான். உடம்பில் இக்காவலன் மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி. அவன் ஏவலை நிறைவேற்றுவது கபச்சுரப்பி. வாய்க்கால் போன்றவை விதைகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் வரையான டெஸ்டோஸ்டரோனையே இவை சுரக்கின்றன. குரல் தடித்தல், மீசை அரும்புதல், தசை திரளுதல், எலும்பு உறுதி பெறுதல், செங்குழியங்கள் பெருகுதல், இல்லற விருப்பம் ஆகிய யாவற்றுக்கும் இச்சிறு துளி போதுமானதாக இருக்கின்றது.

இப்பொழுது வெளியிலிருந்து ஒருவர் வண்டி வண்டியாக நீர் கொணர்ந்து குளத்திற் கொட்டுகிறார் எனக் கொள்வோம். காவலன் யாது செய்வான்? நீர் எங்கிருந்து வந்தது என அவன் ஆராய்வதில்லை. மட்டம் உயர்ந்ததைக் கண்டு வாய்க்காலை முற்றாக அடைத்துவிடுவான். அடைத்த வாய்க்காலில் மண் படியும், புல் முளைக்கும். ஊசி ஏற்றுவோனுடைய விதைகளுக்கும் இதுவே நேர்கின்றது. அவை சுரத்தலை நிறுத்திச் சுருங்குகின்றன. விந்தணு ஆக்கத்துக்கு விதையினுள்ளே இரத்தத்திலுள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு செறிந்த ஓமோன் தேவை. ஊசியால் இரத்தம் நிரம்பினும் விதையின் உள்ளே வறட்சிதான்.

இது மிகைக்கூற்றென எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் 271 ஆடவரைக் கொண்டு நடாத்திய சோதனையின் முடிவு 1990இல் வெளியாயிற்று. அவர்களுக்கு வாரந்தோறும் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டரோன் ஊசி ஏற்றப்பட்டது. எதற்காக? வலிமைக்காகவன்று; கருத்தடைக்காக. 157 பேருக்கு விந்தணு முற்றாக அற்றுப்போயிற்று. மனைவியர் கருவுறாதிருக்க அவ்வூசி ஒன்றே மிக நல்ல காப்பாக அமைந்தது. பாரந்தூக்குவோர் பலர் தமக்குத் தாமே ஏற்றிக்கொள்வது இதனினும் மிக்க அளவு. ஆண்மையை நாடி வாங்கும் மருந்து மகப்பேற்றைத் தடுக்கும் மருந்தாகவும் ஆராயப்பட்டதென்பது, பிற்காலத்தே மணமுடித்து இன்னும் மழலைச் சொற் கேளாதிருக்கும் தம்பதியர் அறிந்திருக்கவேண்டியது.

வியன்னாவிற் கேட்ட இரகசியம்

பாரந்தூக்குவோரிடையே இம்மருந்து புகுந்த வரலாறு ஒரு நாவலின் சுவையுடையது. 1954ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் உலகப் பாரந்தூக்கற் போட்டி நடைபெற்றது. அமெரிக்கக் குழுவினருடன் ஜோன் சீக்லர் என்னும் வைத்தியர் சென்றிருந்தார். சோவியத் வீரர்களின் வலிமை அமெரிக்கரைத் திகைக்கச் செய்தது. சோவியத் குழுவைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் மது அருந்தும் வேளையில், தம் வீரர்களுக்கு டெஸ்டோஸ்டரோன் கொடுப்பதாகத் தம்மிடம் கூறிவிட்டார் எனச் சீக்லர் பிற்காலத்திற் சொன்னார்.

நாடு திரும்பிய சீக்லர் வாளாவிருக்கவில்லை. தூய ஓமோனைத் தாமும் ஏற்று, வேறு சிலர்க்கும் கொடுத்துப் பார்த்தார். அதன் விரும்பத்தகாத விளைவுகளைக் கண்டு, தசையை மட்டும் வளர்த்து மற்றவற்றைத் தவிர்க்கும் மருந்தொன்று வேண்டுமென எண்ணினார். அக்காலை, 1958இல், சீபா என்னும் மருந்து நிறுவனம் டயனபோல் என்ற பெயருடன் ஒரு குளிசையை அமெரிக்காவில் வெளியிட்டது. தீப்புண்பட்டு மெலிந்தோரும் நோயால் உடல் நலிந்தோரும் தேறுவதற்காக ஆக்கப்பட்ட குளிசை அது. சீக்லர் அதனைப் பென்சில்வேனியா மாநிலத்து யோர்க் நகரிற் பயிற்சி பெற்ற பாரந்தூக்குவோர் சிலர்க்கு வழங்கினார்.

யோர்க் நகரத்துப் பாரந்தூக்கற் கழகத்தின் தலைவர் பொப் ஹொப்மன். இரும்புப் பாரங்களைச் செய்து விற்பவரும், சஞ்சிகை நடாத்துபவரும் அவரே. சீக்லர் அதே வேளையில், அசையாத சட்டத்தை எதிர்த்துத் தசையை இறுக்கும் புதுப் பயிற்சி முறையொன்றையும் அவ்வீரர்களுக்குப் புகட்டினார். வீரர்கள் சில மாதங்களில் வியப்பூட்டும் வகையில் முன்னேறினர். சஞ்சிகை அப்பயிற்சியைப் புகழ்ந்தெழுதிற்று. அதற்குரிய இரும்புச் சட்டங்கள் விற்பனையாயின. குளிசையைப் பற்றி வாசகர்க்கு ஒருவரும் கூறவில்லை. நாட்டின் மூலைமுடுக்குகளில் எத்தனையோ இளைஞர் அச்சட்டங்களை வாங்கிவைத்து, தமக்கு மட்டும் ஏன் தசை திரளவில்லையென ஏங்கியிருப்பர்! இன்றும் திரண்ட தோளைக் காட்டி மாவும் பயிற்சிப் புத்தகமும் விற்போரைக் காணும்போதெல்லாம் எமக்கு யோர்க் நகரத்து நினைவே எழுகின்றது.

சீக்லர் நாளொன்றுக்கு 5 அல்லது 10 மில்லிகிராம் போதுமெனக் கருதினார். ஒரு குளிசை நன்மை செய்யுமாயின் பத்துக் குளிசை பத்து மடங்கு நன்மை செய்யுமென வீரர்கள் கருதினர். அளவு மீறிற்று; சிலர்க்கு ஈரல் கெட்டது. சீக்லர் மனம் வெறுத்து அம்முயற்சியைக் கைவிட்டார். தாம் அதனைத் தொடங்கியதற்காகப் பின்னர் வெளிப்படையாகவே வருந்தினார். இருதய நோயுற்று 1983இல் அவர் மறைந்தார். அதே ஆண்டிற் சீபா நிறுவனம் டயனபோலை அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கிக்கொண்டது. மருந்துகளோ நீங்கவில்லை. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த கனடிய வீரர் பென் ஜோன்சனின் பதக்கம் ஸ்டனசொலோல் என்னும் ஸ்டீரொயிட் காரணமாகப் பறிக்கப்பட்டபின், 1990இல் அமெரிக்கா இவ்வகை மருந்துகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றிற்று.

பயன் உண்டு, விலையும் உண்டு

இம்மருந்துகளாற் தசை வளர்வதில்லை, எல்லாம் வீண் நம்பிக்கையே என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் கூறி வந்தது. 1977இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வெளியிட்ட அறிக்கையும் அக்கருத்தினதே. 1980களில் அது திருத்தப்பட்டது. எமது எண்ணப்படி இது பெருந்தவறாயிற்று. கண்முன்னே தோழனின் தோள் திரளக் கண்டவன், "வைத்தியர்கள் அறியாது பேசுகின்றனர்" என எண்ணி, அவர்கள் பின்னர் உரைத்த மெய்யான எச்சரிக்கைகளையும் செவிக்கொள்ளாது விட்டான்.

உண்மை யாதென்பது 1996இல் தெளிவாயிற்று. பாசின் என்னும் வைத்தியரும் அவரது குழுவினரும் 43 ஆடவரை நான்கு பிரிவாக்கினர். வாரத்துக்கு 600 மில்லிகிராம், அதாவது மருத்துவர் ஈடுசெய்யக் கொடுக்கும் அளவின் ஏறத்தாழ ஆறு மடங்கு, பத்து வாரங்களுக்கு ஏற்றப்பட்டது. ஊசி பெறாது பயிற்சி மட்டும் செய்தோர்க்குக் கொழுப்பு நீங்கலான உடல் நிறை ஏறத்தாழ 2 கிலோகிராம் மிகுந்தது. பயிற்சியே செய்யாது ஊசி மட்டும் பெற்றோர்க்கு 3 கிலோகிராமுக்குச் சற்று மேல். இரண்டும் பெற்றோர்க்கு 6 கிலோகிராம். வியர்வை சிந்தியவனைக் காட்டிலும் ஊசி போட்டுக்கொண்டு வாளாவிருந்தவன் மிகுதியாகத் தசை பெற்றான் என்பது உழைப்பின் பெருமை பேசும் எம்போன்ற ஆசிரியர்க்கு உவப்பான முடிவன்று; ஆயினும் உள்ளதை மறைத்தல் தகாது.

பத்து வாரங்களின் கதை அது. பல்லாண்டுகளின் கதை யாது? 2017இல் பாகிஷ் என்பார் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று எமது வினாவுக்கு நேரே விடை தருகின்றது. ஏனெனில், அதில் ஆராயப்பட்டோர் 34 முதல் 54 வயது வரையான பாரந்தூக்குவோரே. மொத்தம் 140 பேர். அவர்களுள் 86 பேர் குறைந்தது ஈராண்டு ஸ்டீரொயிட் பாவித்தவர். 54 பேர் பாவியாதவர். இருதயத்தின் இடது அறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகின்றது என்பது அதன் வலிமைக்கு அளவு. பாவியாதோரிடம் இது சராசரி 63 வீதமாக இருந்தது. பாவித்தோரிடம் 52 வீதம். அளந்த காலத்தில் மருந்தைத் தொடர்ந்து பாவித்தோரிடம் 49 வீதம். நிறுத்தியிருந்தோரிடம் 58 வீதம். நிறுத்தியோரிடம் அளவு மேலாகக் காணப்பட்டது ஓரளவு ஆறுதலே. இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் நாடிகளிற் கொழுப்புப் படிதலோ, பாவித்த ஆண்டுகள் கூடக் கூட மிகுந்தே காணப்பட்டது. கையின் தசை வளர, அதனினும் அரிய தசை தளர்ந்ததெனச் சுருங்கச் சொல்லலாம்.

ஏனைய கேடுகளை விரிக்கத் தேவையில்லை. செங்குழியங்கள் மிகுந்து இரத்தம் தடிக்கின்றது. இரத்தத்திற் செங்குழியங்களின் பங்கு 54 வீதத்தைத் தாண்டுமாயின் வைத்தியர் மருந்தை நிறுத்திவைப்பர். நல்ல கொலஸ்திரோல் தாழ்கின்றது. குளிசை வடிவிலுள்ளவற்றுட் பல ஈரலைத் தாக்குகின்றன. மிகையான டெஸ்டோஸ்டரோனின் ஒரு பகுதி பெண்மைக்குரிய ஓமோனாக மாறி, ஆடவனுக்கு மார்பு வளரச் செய்கின்றது. இது கேலிக்குரியதன்று, சத்திர சிகிச்சையை நாடவேண்டி வந்தோர் உளர். இவையெல்லாம் குப்பியின் உள்ளே எழுதியுள்ள பொருள்தான் இருக்குமாயின். களவாக விற்கப்படும் குப்பியில் யாதுளதென அறிபவர் எவர்? மாடுகளின் வளர்ச்சிக்கென ஆக்கிய டிரென்போலோன் என்னும் மருந்துகூட மனிதர் தோளில் ஏறுகின்றது.

உண்மை நோயாளி எவன்?

டெஸ்டோஸ்டரோன் மெய்யாகவே குறைந்தோரும் உளர் என்பதை நாம் மறத்தலாகாது. பிறவியிலேயே நிறமூர்த்தக் குறைபாடுடையோர், கபச்சுரப்பியிற் கட்டி தோன்றியோர், கூகைக்கட்டு விதைகளைத் தாக்கப்பெற்றோர், புற்றுநோய்ச் சிகிச்சையால் விதைகளை இழந்தோர் ஆகியோர்க்கு இம்மருந்து மூக்குக்கண்ணாடி போன்றது. அதனை ஏற்கும் ஒருவனை ஐயக்கண் கொண்டு நோக்குதல் அறியாமை. சிகிச்சையின்றி விட்டால் எலும்பு நலியும், இரத்தம் குன்றும், உள்ளம் சோரும்.

ஆனால் அக்குறைபாடு உண்டென்பதை எவ்வாறு துணிவது? களைப்பு, தூக்கமின்மை, சினம், ஊக்கக் குறைவு ஆகிய அறிகுறிகள் இரண்டு பிள்ளைகளையும் ஒரு வங்கிக் கடனையும் உடைய எவர்க்கும் உள்ளனவே! ஆகவே இரத்தத்தைச் சோதித்தல் இன்றியமையாதது. இவ்வோமோன் காலையில் உயர்ந்து மாலையிற் தாழ்வதால், காலை வேளையில், வெவ்வேறு இரு நாட்களிற் சோதிக்கவேண்டும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 300 நனோகிராமுக்குக் குறைவாக இரு முறையும் காணப்பட்டு, அதற்குரிய அறிகுறிகளும் இருந்தாலன்றி, அமெரிக்கச் சிறுநீரக வைத்தியர் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை அதனைக் குறைபாடெனக் கொள்வதில்லை. மாலையிற் செய்த ஒரு சோதனைத் துண்டைக் காட்டி மருந்து கேட்பதும் கொடுப்பதும் முறையாகா.

நாற்பது வயதின்பின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு வீதம் இவ்வோமோன் தாழ்வது இயல்பு. அதனினும் வேகமாகத் தாழ்த்துவன பருத்த வயிறும் நீரிழிவும் உறக்கக் குறைவுமாம். எமது நாட்டில் நீரிழிவு எத்துணைப் பரவியுள்ளது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிவர். 2011இல் வெளியான ஆய்வொன்றிற் பத்து இளைஞரை ஒரு வாரம் நாளுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் உறங்கச் செய்தபோது, அவர்தம் பகற்கால டெஸ்டோஸ்டரோன் 10 முதல் 15 வீதம் வரை தாழ்ந்தது. இத்தகையோர்க்கு முதற்கண் வேண்டுவது ஊசியன்று. வயிறு குறையின் ஓமோனும் உயரும்.

வைத்தியர் மேற்பார்வையில் முறையாகக் கொடுக்கப்படும் மருந்து இருதயத்தைத் தாக்குமோ என்ற ஐயம் பல்லாண்டு நிலவியது. 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, வயதினால் மட்டும் தாழும் ஓமோனுக்காக இம்மருந்து அங்கீகரிக்கப்படவில்லையென மேலுறையில் அச்சிடப் பணித்ததோடு, மாரடைப்பு, பாரிசவாதம் பற்றியும் எச்சரித்தது. 2023இல் வெளியான டிரவேர்ஸ் என்னும் பெருஞ்சோதனை அவ்வையத்தை ஓரளவு தீர்த்தது. 45 முதல் 80 வயது வரையான, மெய்யாகவே ஓமோன் குறைந்த, இருதய நோயோ அதற்குரிய ஆபத்தோ உடைய 5,246 பேர் அதிற் பங்குபற்றினர். தோலிற் பூசும் டெஸ்டோஸ்டரோன் களிம்பு பெற்றோரில் 7.0 வீதத்தினர்க்கும், வெறுங் களிம்பு பெற்றோரில் 7.3 வீதத்தினர்க்கும் மாரடைப்பு, பாரிசவாதம், இருதய மரணம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தது. வேறுபாடு இல்லையென்றே கொள்ளலாம். ஆயினும் இருதயத் துடிப்பு ஒழுங்கு கெடுதல், நுரையீரல் நாடியில் இரத்தக் கட்டி அடைத்தல், சிறுநீரகம் திடீரென நலிதல் ஆகியன மருந்து பெற்றோரிடம் சற்று மிகுந்தன. எலும்பு உறுதி பெறுமென எதிர்பார்த்ததற்கு மாறாக எலும்பு முறிவுகளும் அவர்களிடமே மிகுதியாயின. இம்முடிவுகளை ஒட்டி 2025இல் அவ்வெச்சரிக்கை திருத்தப்பட்டது. மாரடைப்புப் பற்றிய கடுஞ்சொல் நீக்கப்பட்டு, இரத்த அழுத்தம் உயரலாமென்பது சேர்க்கப்பட்டது.

இச்சோதனையைக் காட்டி, "ஊசியால் இருதயத்துக்குக் கேடில்லையென விஞ்ஞானமே கூறிவிட்டது" என உடற்பயிற்சி நிலையங்களிற் பேசுவோர் உளர். அச்சோதனையிற் பங்குபற்றியோரின் ஓமோன் மட்டம் இயல்பான எல்லைக்குள்ளேயே நிறுத்தப்பட்டது. அடிக்கடி இரத்தம் சோதித்து அளவு திருத்தப்பட்டது. இயல்பு மட்டத்தின் இரு மடங்கு, ஐந்து மடங்கு ஏற்றிக்கொண்டு, அதற்கும் 'மாற்றீட்டுச் சிகிச்சை' எனப் பெயர் சூட்டுவோனுக்கு அம்முடிவு உரியதன்று. அவனுக்குரிய முடிவு 2017இல் அளக்கப்பட்ட அந்த 86 இருதயங்களிலேயே உள்ளது.

ஊசியில்லாது நாற்பதுக்கு மேல் தசை வளராதோ எனக் கேட்போர்க்கு, 1990இல் அமெரிக்காவில் நடந்ததொன்றைக் கூறுவோம். முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, ஏறத்தாழ 90 வயதினரான பத்துப் பேர்க்கு எட்டு வாரங்கள் காலாற் பாரந்தூக்கும் கடும்பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தோரின் கால் வலிமை சராசரி 174 வீதம் உயர்ந்தது. தொடையின் தசைப் பரப்பு 9 வீதம் பெருகியது. ஓமோன் எதுவும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. தொண்ணூறில் இயல்வது நாற்பத்தைந்தில் இயலாதென எவர் கூறுவார்? இருபது வயதின் வேகம் வாராது, மூட்டுகள் முறையிடும், இன்று தூக்கியதன் நோவு மறுநாளன்றி மூன்றாம் நாளும் நிற்கும். அஃது எமது சொந்த முழங்கால்களும் சான்று பகரும் செய்தி.

ஏற்கெனவே ஊசியிற் புகுந்துவிட்டோர் குறித்து இறுதியாக ஒன்று. அவர்தம் மனைவியரும் வளர்ந்த பிள்ளைகளும் அலுமாரியிற் குப்பியைக் காண நேரின் ஏசுதலாற் பயனில்லை. ஏசினாற் குப்பி வேறிடத்துக்கு மாறும். வைத்தியரிடம் உடன் செல்வதே தக்கது. மருந்தைத் திடீரென நிறுத்தியவுடன் வாய்க்கால் உடனே ஓடத் தொடங்குவதில்லை. சில மாதங்கள், சிலர்க்கு ஓராண்டுக்கு மேலும் செல்லும். அவ்விடைக்காலத்தில் உடல் சோர்ந்து, விருப்பமற்று, உள்ளம் இருண்டு போவதுண்டு. மீண்டும் ஊசியை நாடச் செய்வது பெரும்பாலும் இவ்விருளே. அக்காலத்தில் எடுக்கப்படும் இரத்தச் சோதனையும் ஓமோன் மிகக் குறைவென்றே காட்டும். தான் பாவித்த மருந்தின் பெயரையும் அளவையும் காலத்தையும் நோயாளி மறைப்பானாயின், அதனைப் பிறவிக் குறைபாடெனவோ சுரப்பி நோயெனவோ வைத்தியர் கருதி, ஆயுள் முழுவதும் ஊசியை எழுதிக்கொடுத்தல் கூடும். உள்ளதைச் சொன்னால், சுரப்பி தானே விழித்தெழும்வரை காத்திருக்கவும், வேண்டுமாயின் அதனை எழுப்பும் மருந்து கொடுக்கவும் அவருக்கு வழியுண்டு.